ஒரே நாள்ல திருவையாறுல ஆரம்பிச்சு திருவாரூர் வரைக்கும்: சங்கீத ஊர்களைப் பாக்கப் புதுசா போறவங்களுக்கு

கர்நாடக சங்கீதம் அவ்வளவா தெரியாது, ஆனா இந்த திருவையாறு, திருவாரூர்லாம் ஒரு தடவை போய்ப் பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். நானும் என் ஃப்ரெண்டும் இந்த ரூட்ல நாலு தடவை போயிருக்கோம். எனக்கு ராகம் ஓரளவு பிடிபடும், அவனுக்கு சுத்தமா தெரியாது, ஆனா ஒவ்வொரு தடவையும் என்னை விட அவன்தான் நிறைய கேட்டுட்டு வந்தான். அதனால சொல்றேன், தெரியலைன்னு தயங்காம கிளம்புங்க, கூட ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு போங்க. ரெண்டு பேர்னா போதும், வேன் நிறைய ஆள் சேந்துட்டா பேச்சுதான் ஓடும், காது வேலை செய்யாது.

முதல்ல மனசுல வெச்சுக்க வேண்டிய ஒரு விஷயம். இது பாக்குற டிரிப் இல்ல, கேக்குற டிரிப். இந்த ஊர்கள்ல போட்டோ எடுக்கிற மாதிரி பெரிய கட்டடமெல்லாம் கம்மி, ஒரு சமாதி, ஒரு பழைய தெரு, ஒரு மரப்பட்டறை, அவ்வளவுதான். வெறும் கண்ணோட போனா பத்து நிமிஷத்துல "இவ்வளவுதானா"ன்னு ஆயிரும். ஒவ்வொரு ஊர்லயும் ஒரே ஒரு சத்தத்தையாவது காதுல வாங்கிட்டுதான் கிளம்புவோம்னு முடிவு பண்ணிட்டு போங்க, மத்ததெல்லாம் தானா அமையும்.

எப்ப போறது

டெல்டாவுல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, பைக்ல போறவங்க தவிர்க்கிறது நல்லது. பொங்கல் முடிஞ்சு மாசி வரைக்கும் வெயில் தாங்குற மாதிரி இருக்கும். ஏப்ரல், மே மாசம் போனா காவிரி வெறும் மணலாத்தான் கிடக்கும், ஆத்துல தண்ணி ஓடுறதைப் பாக்கணும்னா மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, அதுக்கப்புறம் ஜூலை, ஆகஸ்ட்ல போங்க. எனக்கு அந்த மாசங்கள்தான் பிடிக்கும், வெயில் கொஞ்சம் அடிச்சாலும் பரவாயில்ல, ஆறு ஓடுற சத்தம் இல்லாம திருவையாறு பாதிதான்.

தியாகராஜ ஆராதனை, அதாவது நிறைய கீர்த்தனை பாடி வெச்ச தியாகராஜரோட நினைவு நாள்ல திருவையாறுல நடக்குற இசை விழா, புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாசத் தேய்பிறையில அஞ்சாம் நாள்) அன்னைக்கு வரும், பெரும்பாலும் ஜனவரில. அது ஒரு தனி அனுபவம், கட்டாயம் ஒரு வருஷம் போகணும், ஆனா முதல் தடவையே அன்னைக்குப் போகாதீங்க. அந்தக் கூட்டத்துல ஊரைப் பாக்க முடியாது, சமாதி கிட்ட ரெண்டு நிமிஷம் உக்காரவும் முடியாது.

வீட்லயே செய்ய வேண்டியது

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் ரெண்டு பேரும் தனித்தனியா இதைக் கேட்டுருங்க. தியாகராஜரோட பஞ்சரத்ன கீர்த்தனைகள் அஞ்சு (நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்கள்), அஞ்சையும் கேக்க முடியலைன்னா கடைசி ஸ்ரீ ராகத்தை மட்டும், கூட்டமா சேந்து பாடுற பதிவா பாத்து எடுங்க. அப்புறம் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்துல வாசிச்ச தோடி ராகம். அப்புறம் முத்துசுவாமி தீட்சிதரோட கமலாம்பா நவாவரணத்துல (திருவாரூர் கமலாம்பாள் மேல பாடின கீர்த்தனைத் தொகுப்பு) ஆனந்தபைரவி ராகத்துல வர்ற முதல் ஆவரணக் கீர்த்தனை. இந்த மூணும் போதும், இதுக்கு மேல ஏத்திக்கிட்டா மண்டையில எதுவும் நிக்காது. ராகம் பேர் மறந்தாலும் கவலை இல்ல, ஒரு தடவை காதுல விழுந்த டியூன் அந்த ஊர்ல போய் நிக்கும்போது தானா வெளிய வரும்.

நேரக் கணக்குதான் எல்லாமே

கோயில்கள் மத்தியானம் 12 மணி வாக்குல சாத்துவாங்க, திரும்ப சாயங்காலம் 4 மணி வாக்குலதான் திறப்பாங்க. எங்க முதல் டிரிப்ல இதை யோசிக்காம திருவாரூருக்கு ஒரு மணிக்குப் போய் நின்னு மூணு மணி நேரம் குளக்கரையில உக்காந்திருந்தோம், அன்னைக்கு மீதி எல்லா இடமும் போச்சு. அதனால ப்ளானை இப்படி வெச்சுக்கோங்க: காலையில ஒரு கோயில் ஊர், மத்தியானம் பட்டறை ஊர், சாயங்காலம் திரும்ப ஒரு கோயில் ஊர். தஞ்சாவூர்ல முதல் நாள் ராத்திரி தங்கிட்டு, திருவையாறு, தாராசுரம், கும்பகோணத்துல சாப்பாடு, நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை, திருவாரூர், திரும்ப தஞ்சாவூர். மொத்தம் நூத்தி எழுபது கிலோமீட்டர் கிட்ட வரும். காரோ பைக்கோ இருந்தா ஒரே நாள்ல முடியும். பஸ்லயும் ரயில்லயும் போறவங்க தாராசுரத்தை விட்டுருங்க, நரசிங்கம்பேட்டைக்கு கும்பகோணம் - மயிலாடுதுறை ரயில் பாதையிலயே ஸ்டேஷன் இருக்கு, ஆனா எல்லா வண்டியும் நிக்காது, டைம் பாத்துக்கோங்க.

திருவையாறு, காலை ஆறரை

தஞ்சாவூர்ல இருந்து பன்னெண்டு கிலோமீட்டர்தான். போற வழியில பாலத்தை எண்ணிக்கிட்டே போங்க, இது என் ஃப்ரெண்டு கண்டுபிடிச்ச விளையாட்டு: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியா காவிரி. திரு-ஐ-ஆறுன்னு பேரு ஏன் வந்துச்சுன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல, வண்டியே சொல்லிக் குடுத்துரும்.

நேரா காவிரிக் கரையில இருக்கிற தியாகராஜர் சமாதிக்குப் போங்க. அவர் பிறந்தது திருவாரூர்ல, 1767, வாழ்ந்ததும் 1847ல சமாதி ஆனதும் இங்கதான். சுவர்ல அவரோட கீர்த்தனைகளைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. காலையில அந்த நேரத்துல பெரும்பாலும் ஆளே இருக்காது, சில நாள் மியூசிக் படிக்கிற பசங்க யாராவது ஓரமா உக்காந்து பாடிட்டு இருப்பாங்க (அரசு இசைக் கல்லூரி இதே ஊர்லதான் இருக்கு), அப்படி அமைஞ்சா உங்க நல்ல நேரம், பக்கத்துல போய் போனை நீட்டாதீங்க, தள்ளி உக்காந்து கேளுங்க. யாரும் இல்லைன்னா நீங்க கேட்டுட்டு வந்த ஸ்ரீ ராகத்தை ஹெட்போன்ல போடுங்க, ஆளுக்கு ஒரு காது.

சமாதியைப் பாத்துட்டு அப்படியே திரும்பிராதீங்க, நிறைய பேர் செய்ற தப்பு அது. சமாதியைப் பாத்தபடி ஒரு அம்மா சிலையா உக்காந்திருப்பாங்க, பெங்களூர் நாகரத்தினம்மா. நீங்க நிக்கிற இந்த இடம் இன்னைக்கு இப்படி இருக்கிறதுக்கு அவங்கதான் காரணம். சமாதி கவனிப்பாரில்லாம கிடக்குன்னு கேள்விப்பட்டு, அவங்க சொந்த சொத்தைப் போட்டு நிலம் வாங்கி, 1920கள்ல இந்தக் கோயிலைக் கட்டினாங்க. தேவதாசி குலத்துல பிறந்தவங்க. அந்தக் காலத்துல ஆராதனையை நடத்தினது ரெண்டு கட்சியா பிரிஞ்சிருந்த ஆம்பளைங்க, பொம்பளைங்க பாடுறதுக்கு அங்க இடமே இல்ல. தான் காசு போட்டுக் கட்டின இடத்துலயே தனக்குப் பாட அனுமதி இல்லன்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க அழுதுட்டு வீட்டுக்குப் போகல, பொம்பளைங்களை எல்லாம் சேத்து தனியா ஒரு கட்சியா அங்கயே பாட ஆரம்பிச்சாங்க. 1940 வாக்குல எல்லாக் கட்சியும் ஒண்ணா ஆகி, அதுக்கப்புறம்தான் ஆம்பளையும் பொம்பளையும் சேந்து பாடுற ஆராதனை வந்துச்சு. 1952ல அவங்க காலமானாங்க, சமாதிக்கு எதிர்லயே அவங்களுக்கும் இடம் அமைஞ்சுது. இந்தக் கதை தெரியாம முதல் தடவை நான் அந்த சிலையைத் தாண்டிப் போயிட்டேன், இப்ப போனா முதல்ல அங்கதான் நிப்பேன்.

அங்க இருந்து ஐயாறப்பர் கோயில். தியாகராஜருக்கு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே அப்பர் பாடின ஊர் இது, கயிலாயம் பாக்கணும்னு வடக்க போன அப்பர் ஒரு குளத்துல முங்கி இங்க எழுந்தார், இங்கயே கயிலைக் காட்சி கிடைச்சுதுன்னு கதை. அதனால திருவையாறுன்னா தெலுங்குக் கீர்த்தனை மட்டும்தான்னு நினைக்காதீங்க, தேவாரமும் சேந்ததுதான் இந்த ஊர். வெளிப் பிரகாரத்துல ஒரு இடத்துல நின்னு "ஐயாறா"ன்னு கூப்பிட்டா எதிரொலிச்சு ஏழு தடவை திரும்ப வரும்னு சொல்லுவாங்க, கோயில்ல யாரைக் கேட்டாலும் இடம் காட்டுவாங்க. என் ஃப்ரெண்டு கூப்பிட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டு எண்ணினான், எனக்கு மூணுக்கு மேல எண்ண முடியல, அவன் அஞ்சுன்னு சொன்னான். நீங்க எண்ணிப் பாருங்க.

புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு, தமிழ் ஊர்ல பிறந்து வளந்தவர் ஏன் தெலுங்குல பாடினார்னு. தஞ்சாவூரை 16ம் நூற்றாண்டுல இருந்து நாயக்கர்கள் ஆண்டாங்க, அப்புறம் மராத்தியர்கள். அரண்மனையிலயும் சங்கீதத்துலயும் தெலுங்கு ஆழமா வேர் விட்டுருச்சு, தியாகராஜர் வீட்டு மொழியும் அதுதான். அதே டெல்டாவுல சீர்காழிப் பக்கம் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தமிழ்ல கீர்த்தனை பாடி வெச்சுட்டுப் போயிருக்காங்க, அதுவும் தியாகராஜருக்கு முன்னாடியே. அந்தப் பக்கத்துக்கு இன்னொரு நாள் தனியா ஒதுக்குங்க, இதோட சேக்காதீங்க.

ஒன்பது மணிக்குள்ள டிபனை முடிச்சுட்டு கிளம்பிருங்க. அசோகா கொஞ்சம் வாங்கிக்கோங்க, பாசிப்பருப்புல செய்ற அல்வா மாதிரி, இந்த ஊர் ஸ்பெஷல், சூடா சாப்பிட்டாதான் ருசி.

தாராசுரம்

இது சின்ன ஸ்டாப்தான். கும்பகோணத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே வந்துரும். இரண்டாம் ராஜராஜன் கட்டின 12ம் நூற்றாண்டுக் கோயில், யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. பலிபீடத்துப் பக்கம் தட்டினா ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஸ்வரமா ஒலிக்கும்னு சொல்ற கல் படிகள் இருக்கு, ஆனா கம்பி போட்டு மூடியிருக்காங்க, அதனால பாத்துக்கலாம், கேக்க முடியாது. தட்டித் தட்டியே கல் வீணாப் போயிரும், மூடினது சரிதான். சுவர்ல மேளம் வாசிக்கிறவங்க, ஆடுறவங்க சிற்பம் நிறைய இருக்கு, யார் கையில என்ன வாத்தியம்னு ரெண்டு பேரும் போட்டி போட்டு தேடுங்க, முக்கால் மணி நேரம் போறதே தெரியாது.

பதினொண்ணரைக்கு கும்பகோணம், சாப்பாடு, டிகிரி காப்பி, ஒரு மணிக்குள்ள வெளிய வந்துருங்க.

நரசிங்கம்பேட்டை, இதுக்குதான் இந்த டிரிப்

கும்பகோணத்துல இருந்து மயிலாடுதுறை ரோட்டுல ஆடுதுறை தாண்டினதும் கொஞ்ச தூரத்துல வரும். நாதஸ்வரம் செய்ற ஊர். 2022ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது. உலகத்துல எந்த மூலையில தமிழ்க் கல்யாணம் நடந்தாலும் அங்க ஊதுற நாயனம் இந்த ஊர்ல பிறந்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஆனா மெயின் ரோட்டுல போறவங்க பாதிப் பேருக்கு இது தெரியாது.

போற முறை முக்கியம். இது மியூசியம் இல்ல, வீட்டோட சேந்த பட்டறைகள். நேரா உள்ள நுழையாதீங்க, வாசல்லயே நின்னு "ஐயா, நாயனம் செய்றதைப் பாக்க வந்திருக்கோம், உங்களுக்கு தொந்தரவு இல்லைன்னா கொஞ்ச நேரம் பாத்துக்கலாமா"ன்னு கேளுங்க. நாங்க போனப்ப அந்தப் பெரியவர் தலையை நிமிராமலே "செருப்பை அப்படி விட்டுட்டு வாங்க தம்பி"ன்னார், அடுத்த ஒரு மணி நேரம் அவர் கையை விட்டு எங்க கண்ணு நகரல. முகூர்த்த நாளுக்கு முந்தின நாளா இருந்தா அவசர ரிப்பேர் வேலை இருக்கும், அப்ப பேச்சுக் குடுக்காதீங்க, சும்மா உக்காந்து பாருங்க. கடைசல் மெஷின் ஓடும்போது கிட்ட போகக் கூடாது. போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. சீவாளியை எடுத்து வாயில வெச்சுப் பாக்காதீங்க, அது வாசிக்கிறவர் வாய்க்குப் போற பொருள்.

என்ன பாக்கணும்னா, முதல்ல மரம். ஆச்சா மரம், அதுவும் புதுசா வெட்டினது ஆகாது, பழைய வீடு இடிக்கும்போது வர்ற தூணும் உத்தரமும்தான் தேடித் தேடி வாங்குவாங்க. பல வருஷம் காஞ்ச மரம்தான் வெடிக்காது, நாதமும் குடுக்கும். யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரையைத் தாங்கின கட்டை இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணத்துல ஊதுதுன்னு என் ஃப்ரெண்டு சொன்னான், நான் இத்தனை வருஷம் கச்சேரி கேட்டும் எனக்கு அது தோணல. அப்புறம் கடைஞ்ச உடம்புல துளை போடுறது, விரல் வெச்சு வாசிக்க ஏழு, அதுக்குக் கீழ இன்னும் அஞ்சு. கீழ இருக்கிற அஞ்சுல விரல் படாது, மெழுகு வெச்சு அடைச்சு சுருதியும் நாதமும் சரி பண்றதுக்கு அது. அடியில விரிஞ்சிருக்கிற பாகம் அனசு. மேல வாயில வைக்கிறது சீவாளி, நாணல் தட்டையைப் பதப்படுத்தி செய்றது, அதுக்கு தனி கைப்பக்குவம், இந்தப் பக்கத்துலயே அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க. நாயனக்காரர் வாத்தியத்துல நூல்ல கட்டித் தொங்குமே, அது ஸ்பேர் சீவாளியும் அதைச் சரி பண்ற ஊசியும்தான், அழகுக்குத் தொங்கவிட்டதுன்னு நான் சின்ன வயசுல நினைச்சிருந்தேன்.

இப்ப நாம பரவலா கேக்குற நீளமான பாரி நாயனத்துக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துல திமிரின்னு சின்ன நாயனம்தான், சுருதி உச்சத்துல இருக்கும், திறந்தவெளியில தூரத்துக்குக் கேக்கும், ஆனா பாட்டுக் கச்சேரி மாதிரி நிதானமா ராகம் வாசிக்க கஷ்டம். ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி சுருதி இறங்கின, சுத்த மத்யமம் ("ம" ஸ்வரத்துல ஒரு வகை) சரியா பேசுற பாரி நாயனத்தை உருவாக்கினார். வாசிக்கிறவர் ஒருத்தர் ஆசைப்பட்டார், செய்றவர் ஒருத்தர் மரத்துல அதைக் கொண்டு வந்தார். முடிஞ்சா பட்டறையில ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டச் சொல்லுங்க, செஞ்சு முடிச்சதும் அவங்களே ஊதி டெஸ்ட் பண்ணுவாங்க, அந்த ஒரு ஊதலுக்காகக் காத்திருங்க. மூடின ரூமுக்குள்ள மூணு அடி தூரத்துல நாதஸ்வரம் கேட்டா நெஞ்சுக்குள்ள அதிரும், இந்த டிரிப்புல நீங்க மறக்க முடியாத சத்தம் அதுவாத்தான் இருக்கும்.

கிளம்பும்போது பணம் நீட்டுறது ஒரு மாதிரி இருக்கும், சில பேருக்குப் பிடிக்காது. வர்ற வழியிலயே கும்பகோணத்துல பழமோ ஸ்வீட்டோ வாங்கிட்டுப் போயிருங்க. யாராவது வாத்தியம் வாங்கணும்னு தேடுறது தெரிஞ்சா நேரா இவங்க கிட்ட அனுப்புங்க, அதுதான் அவங்களுக்கு உதவி.

திருவாவடுதுறை

ஒரு ரெண்டு கிலோமீட்டர்தான் தள்ளி. ராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956) பேருக்கு முன்னாடி வர்ற ஊர் இது, இங்க இருக்கிற ஆதீனத்தோட (சைவ மடம்) வித்வானா இருந்தவர், சுதந்திரம் கிடைச்சப்ப ஆதீனத்து சார்புல டெல்லி போய் வாசிச்சவர். மூணு மணிக்கு கோயில் திறந்திருக்காது, அது தெரிஞ்சுதான் போறோம். கோயில் வாசல்ல ஏதாவது நிழல் பாத்து உக்காந்து அவரோட தோடியை போன்ல போடுங்க, ஸ்பீக்கர்லயே போடலாம், அந்த ஊர்ல அதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, எங்களுக்கு ஒரு டீக்கடை அண்ணன் வந்து "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க"ன்னார். அரை மணி நேரம் போதும், மூணரைக்கு வண்டியை எடுங்க.

திருவாரூர், அஞ்சு மணி

ஒண்ணரை மணி நேரம் ஆகும். கமலாலயம் குளத்தைப் பாத்ததும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேச மாட்டீங்க, "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி"ன்னு சொல்லுவாங்க, அவ்வளவு பெருசு. சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் 1775, கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்னு சொல்ற இந்த மூணு பேரும் இந்த ஒரே ஊர்ல பதிமூணு வருஷத்துக்குள்ள பிறந்தவங்க. தியாகராஜர் பேரே இந்த ஊர் சாமி பேருதான். மூணு பேர் பிறந்த இடமும் கோயிலைச் சுத்தி நடக்குற தூரத்துலதான், யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. வெளிச்சம் இருக்கும்போதே, அஞ்சுல இருந்து அஞ்சே முக்காலுக்குள்ள அதை நடந்து முடிச்சுருங்க.

ஆறு மணி சாயரட்சைக்கு (சாயங்கால பூஜை) கோயிலுக்குள்ள இருக்கணும். திருவாரூர் சாயரட்சைக்கு தேவர்களே வர்றதா ஐதீகம், அந்த நேரத்துல இங்க நிக்கிறதுக்காகவே எங்க எங்க இருந்தோ வருவாங்க. அஞ்சு முகம் இருக்கிற பெரிய முழவு, பஞ்சமுக வாத்தியம்னு பேரு, இந்தக் கோயிலோட அடையாளம், வேற எங்கயும் சுலபமா பாக்கக் கிடைக்காது. பூஜை நேரத்துல அதை வாசிக்கிற நாளா அமைஞ்சா, காசு குடுத்து டிக்கெட் வாங்குற எந்தக் கச்சேரியும் அதுக்கு ஈடு இல்ல. போன் பைக்குள்ளயே இருக்கட்டும்.

அது முடிஞ்சு கமலாம்பாள் சந்நிதி. தீட்சிதர் நவாவரணம் பாடினது இந்த அம்மன் மேலதான். அவருக்கு சம்ஸ்கிருதம், விளம்ப காலம், ஒவ்வொரு வரியும் யானை நடக்குற மாதிரி மெதுவா நகரும், வீட்ல கேக்கும்போது என் ஃப்ரெண்டுக்கு போர் அடிச்சுது. அந்தப் பிரகாரத்துல நடந்து பாத்தான், கல் தரை, பெரிய இடம், கால் தானா மெதுவா போகுது, "இந்த ஸ்பீடுக்குதான்டா பாட்டு போட்டிருக்காரு"ன்னான். தப்பா சரியா எனக்குத் தெரியாது, ஆனா அதுக்கப்புறம் நான் தீட்சிதர் பாட்டு கேக்குறது மாறிருச்சு.

ஏழரை, எட்டுக்கு கிளம்பிருங்க, தஞ்சாவூருக்கு அம்பத்தஞ்சு கிலோமீட்டர் கிட்ட. பைக்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுங்க, கண்ணு சொக்கும். வழியில நீடாமங்கலத்துல ரயில்வே கேட் போட்டிருந்தா ரொம்ப நேரம் நிக்க வேண்டி வரும், எரிச்சல் படாம இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்கி ஒரு டீ குடிங்க. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட ஊர் அது, நாங்க ரெண்டு தடவை அந்த கேட்ல நின்னதுலதான் அடுத்த டிரிப் முழுக்க தவிலுக்குன்னு முடிவு பண்ணினோம், வலங்கைமான்ல இருந்து ஆரம்பிக்கிறதா ப்ளான்.